கைதட்டிப் பறக்கவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பங்குனி முதல் வாரம் நண்பர்களோடு கோடியக்கரை போயிருந்தேன். பூநாரைகள் தூரத்தில் வெள்ளைக் கோடாகத்தான் தெரிந்தன. கரையில் இருந்ததெல்லாம் ஒரே மாதிரிச் சாம்பல் நிறக் குருவிகள். கைதட்டிப் பறக்கவிட்டு எடுத்த படம் மட்டும் நன்றாக வந்தது. பூ என்று சொல்ல ஒன்றுமில்லை. எந்த பைனாகுலர் வாங்கலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எட்டு மடங்கு பெருக்கும், முன்வில்லை 42 மி.மீ. அகலமுள்ள பைனாகுலர் போதும். பத்து மடங்கென்றால் கடற்காற்றில் கையோடு காட்சியும் ஆடும். அதைவிட வெயில் எந்தப் பக்கம் என்பது முக்கியம். காலையில் கிழக்குக் கரையில் நின்று கடலைப் பார்த்தால் எல்லாப் பறவையும் கரிய நிழல்தான். காலையைச் சதுப்புக்கு வையுங்கள், கடற்கரைக்கு மாலையில் போங்கள்.

பூ இல்லையா? எத்தனை மணிக்குப் போனீர்கள்? அடும்புக் கொடியின் பூ காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருண்டுவிடும். ஆட்டுக்குளம்பு போலப் பிளந்த இலையைக் கண்டால் கொடியோடு நடந்து பாருங்கள். கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்திருக்கும். பக்கத்திலேயே இராவணன் மீசை என்ற முள்புல் இருக்கும். அதன் பெண்செடியின் முள்பந்து காற்றில் உருண்டுபோய் விதை போடும்.

கைதட்டியதற்கு வருகிறேன். பங்குனி வந்தாலே இதை எழுத வேண்டும் என்று நினைப்பேன், உங்கள் கடிதம் வந்துவிட்டது. நீங்கள் பார்த்தவை குருவிகள் அல்ல, சேற்றில் இரை தேடும் கரைப்பறவைகளான உள்ளான்களும் உப்புக்கொத்திகளும். நீண்ட அலகு நுனியில் கீழ்நோக்கி வளைந்திருந்தால் அது வளைமூக்கு உள்ளானாக இருக்கலாம். எடை ஐம்பது அறுபது கிராம். கூடு வைப்பதோ சைபீரியாவின் ஆர்க்டிக் ஓரத்தில். அவ்வளவு தூரம் பறக்க இப்போதுதான் உடம்பில் கொழுப்பு ஏற்றுகிறது. இதே நாட்களில் இறகும் மாற்றுகிறது. சாம்பல் மார்பில் முதலில் ஒன்றிரண்டு செங்கல் நிற இறகு தலைகாட்டும்; பிறகு திட்டுத்திட்டாகப் படர்ந்து, ஏப்ரலில் முகம் முதல் வயிறு வரை சிவக்கும். இரண்டுக்கும் தீனி வேண்டும். ஒருமுறை எழுப்பிவிட்டால் மேயும் நேரமும் போச்சு, சேர்த்த கொழுப்பும் கொஞ்சம் கரைந்தது. உங்களுக்குப் பின் இன்னொரு குழு வரும், அதன் பின் ஒரு நாய். பறவைக்கு இது உயிர்ப் பிரச்சினை. பயந்து எழுந்த கூட்டத்தின் படத்தை நல்ல படம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நெருங்க முறை இருக்கிறது. நேராகப் போகாதீர்கள், சாய்வாக, குனிந்து, நின்று நின்று போங்கள். அலகு சேற்றில் இருக்கும்வரை சரி. மேய்வதை நிறுத்தித் தலை நிமிர்ந்தால் அங்கேயே நில்லுங்கள். நடந்து விலகத் தொடங்கினால் பின்வாங்குங்கள். அசையாமல் உட்கார்ந்திருந்தால் பல நேரம் அவையே மேய்ந்தபடி கிட்டே வரும்.

மணலிலும் கண் வேண்டும். உப்புக்கொத்தி சிறு குழி கீறி முட்டையிடும்; மணல் நிறம், கரும்புள்ளி. மிதித்த பிறகுதான் தெரியும். தாய் நெடுநேரம் விலகினால் வெயிலே முட்டையைக் கெடுத்துவிடும். ஒரு பறவை இறக்கை ஒடிந்தாற்போல் இழுத்துக்கொண்டு ஓடினால் பின்தொடராதீர்கள். காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

முதல் பயணத்திலேயே சாம்பல் பறவைகள் உங்கள் கண்ணில் பட்டதில் எனக்கு மகிழ்ச்சிதான். சித்திரை பிறப்பதற்குள் இன்னொரு முறை போய்வாருங்கள். கூட்டத்தை விட்டுவிட்டு ஒரே ஒரு உள்ளானைப் படமெடுத்து அனுப்புங்கள், மார்பில் சிவப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று தெரியும்படி.