தொலைந்தால் தொலையட்டும், கொடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டச் செயலாளர் நான். ஒன்பதாவதிலிருந்து பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள் எங்கள் நூலகப் பக்கமே வருவதில்லை. செல்போனே கதி என்று இருக்கிறார்கள். மே மாதம் பேச்சு, கட்டுரை, வினாடி வினாப் போட்டிகள் நடத்த 15,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். யாரைச் சிறப்பு விருந்தினராக அழைக்கலாம்? நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. ஆனால் தொலைந்தால் தான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று நூலகர் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார்.

*

அன்புள்ள நண்பருக்கு,

சிறப்பு விருந்தினர் வேண்டாம். செல்போனைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை, அதைத் திட்டுவதற்கு ஊரில் ஆள் இருக்கிறது. உங்கள் கடைசி வரி பற்றித்தான் சில வாரங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பீரோவைப் பூட்டிவிட்டுப் பிள்ளைகள் வரவில்லை என்று எழுதுகிறீர்களே, இது நியாயமா?

சீர்காழியில் 1892இல் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவதே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். அதே 1931இல் உங்கள் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஊர் ஊராகப் போனது. அந்த மண்ணில் இன்று பூட்டு. அந்தப் பிள்ளையின் அப்பா கட்டும் வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாகப் போகிறது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நூலகரைக் குறை சொல்லமாட்டேன். முத்திரை குத்திப் பதிவேட்டில் ஏறிய புத்தகம் அரசுச் சொத்து. இருப்புச் சரிபார்ப்பில் குறைந்தால் கேள்வி அவரிடம்தான் வரும். ஆகவே அவர் பயத்தை முதலில் எடுங்கள். உங்கள் 15,000த்தில் வாங்கும் புத்தகங்களை நூலகத்துக்கு நன்கொடையாகக் கொடுக்காதீர்கள். வாசகர் வட்டத்தின் சொத்தாகவே வைத்துக்கொண்டு, ஒரு அலமாரிக்கு மட்டும் இடம் கேட்டு மாவட்ட நூலக அலுவலருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். தொலைந்தால் வட்டத்தின் பொறுப்பு என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.

பதினைந்து வயதுப் பிள்ளை நூலகத்தில் எங்கே உட்காரும்? சிறுவர் பகுதி நாற்காலியில் முட்டி இடிக்கிறது. பெரிய மேசையில் தினத்தாள் படிப்பவர்கள் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஆறு பேர் உட்காரும் ஒரு மேசையை அந்த அலமாரி ஓரம் போட்டு, சனிக்கிழமை காலையில் அது இந்தப் பிள்ளைகளுடையது என்று எழுதி ஒட்டுங்கள்.

புத்தகம் 120 போதும். ஒன்று சராசரி 100 ரூபாய் என்றால் 12,000. ஆனால் முதலில் 80 மட்டும் வாங்குங்கள். பெரும்பாலும் 160 பக்கத்துக்கு உள்ளே இருக்கட்டும். சிறுகதை, படக்கதை, பேய்க்கதை, கிரிக்கெட், அறிவியல், வாழ்க்கை வரலாறு எல்லாம் வரலாம். தேர்வுக் கையேடு ஒன்றுகூட வேண்டாம், ஒரு கையேடு வந்தால் ஒரே மாதத்தில் அலமாரி முழுக்க அதுதான் இருக்கும். வீட்டில் கழித்துப்போட்ட பழைய இதழ்களையும் வாங்காதீர்கள். மூன்று மாதம் கழித்து, எது ஓடியது என்று பார்த்து மீதி 40ஐ ஐந்து பிள்ளைகளைக் கடைக்குக் கூட்டிப்போய் அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். அதில் குறைந்தது இரண்டு பேர் பெண் பிள்ளைகளாக இருக்க வேண்டும். எடுத்ததைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

மெல்லிய தமிழ்ப் புத்தகத்தின் முதுகில் பெயர் படிக்கவே முடியாது. இருபத்தைந்தை அட்டை தெரியும்படி நிறுத்தி, வாரம்தோறும் மாற்றுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் கீழ்த்தட்டைக் காலி செய்துவிடுங்கள்.

இனி, கொடுப்பது. ஒரு நோட்டு. பெயர், வகுப்பு, புத்தக எண், எடுத்த தேதி, அவ்வளவுதான். முன்பணம் வேண்டாம், அப்பா கையெழுத்து வேண்டாம், அபராதம் வேண்டவே வேண்டாம். பன்னிரண்டு ரூபாய் அபராதம் ஏறிவிட்ட பிள்ளை புத்தகத்தையும் கொண்டுவராது, தானும் வராது. நீங்கள் புத்தகத்தோடு வாசகரையும் சேர்த்துத் தொலைப்பீர்கள். நோட்டைப் பிள்ளைகளே எழுதட்டும், வாரம் இரண்டு பேராக முறை வைத்து. பெரியவர் எவரும் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது, நீங்களும்தான்.

தொலையுமா? தொலையும். ஆண்டுக்குப் பத்துப் புத்தகம் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள், 1,000 ரூபாய். மிச்சமுள்ள 3,000த்தில் இதற்கென்று 2,000 ஒதுக்கிவிட்டால் இரண்டு ஆண்டு தாங்கும். ஒரு ஃபிளெக்ஸும் நாலு பொன்னாடையும் கேடயங்களும் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். அந்தப் பணம் போனால் யாரும் தொலைந்தது என்று சொல்வதில்லை! தொலைகிற புத்தகம் பெரும்பாலும் எல்லாரும் கேட்கிற புத்தகமாகத்தான் இருக்கும். கை மாறிக் கை மாறி எங்கோ ஒரு வீட்டில் படிக்கப்பட்டுக்கொண்டிருக்கும். அதையே மறுபடி இரண்டு பிரதி வாங்குங்கள்.

போட்டி பற்றிக் கேட்டிருந்தீர்கள். பள்ளியில் பரிசு வாங்கும் அதே மூன்று பேர் இங்கேயும் வாங்குவார்கள். மற்றவர்கள் கைதட்டிவிட்டுப் போவார்கள். மே மாதமும் சரியில்லை. பாதிப் பேர் பாட்டி ஊருக்குப் போயிருப்பார்கள். போட்டிக்குப் பதில், புத்தகம் கொடுப்பதைப் பள்ளி திறந்தபின் ஜூன் நடுவில் தொடங்குங்கள். சனிக்கிழமை காலை 10 முதல் 12 வரை, நூலக விடுமுறையான இரண்டாம் சனி தவிர்த்து. மாலையில் வைத்தால் பெண் பிள்ளைகள் பஸ்ஸைப் பார்த்துப் பாதியில் எழுந்துவிடுவார்கள்.

முதல் சனிக்கிழமை மூன்று பேர் வந்தாலும் மனம் தளராதீர்கள். மூன்று பேரும் ஆளுக்கொன்று எடுத்துப்போனார்களா என்று மட்டும் நோட்டைப் பாருங்கள். நாலாவது சனிக்கிழமை முடிந்ததும், அந்த நோட்டில் எத்தனை வரி விழுந்திருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.