ஓரத்துல வி.ஜி.ன்னு இருந்தா வான் கோயன் ஆயிடுமா?

கேள்வி: நெதர்லாந்துல ஹேக்ல இருக்கேன். இங்க ஒரு பழைய சாமான் கடைல ஆத்தங்கரை, காற்றாலை, நாலு படகுன்னு ஒரு சின்ன ட்ராயிங் பாத்தேன், கறுப்பு சாக்ல வரைஞ்சு மேல சாம்பல் கலர் வாஷ் (தண்ணியா கரைச்ச கலர்) அடிச்சிருக்கு. ஓரத்துல வி.ஜி. 1653ன்னு இருக்கு. யான் வான் கோயன் வரைஞ்சதுன்னு 1,800 யூரோ சொல்றார், ஆனா பில்லுல "அட்ரிபியூட்டட் டு"ன்னுதான் போடுவாராம். நம்பி வாங்கலாமா?

பதில்: கேக்க ஆசையாத்தான் இருக்கு, ஏன்னா டச்சு ஓவியர் வான் கோயன் 1650கள்ல இப்படித்தான், சாக், வாஷ், ஓரத்துல வி.ஜி., வருஷம்னு எக்கச்சக்கமா வரைஞ்சு தள்ளினார், மனுஷன் ட்யூலிப் பூ வியாபாரத்துல காசு விட்டு, 1656ல கடனோடயே செத்தவர். ஆனா அந்த ரெண்டு எழுத்தை யார் வேணாலும் போடலாம், அதனால அதை கடைசியா பாருங்க.

முதல்ல ஃப்ரேம கழட்டச் சொல்லி பேப்பர லைட்டுக்கு எதிர்ல பிடிங்க. நெருக்கமா மெல்லிசு கோடு, அதுக்குக் குறுக்க சுமார் ஒரு இன்ச்சுக்கு ஒண்ணா கோடு தெரியணும். கோடே இல்லாம வழவழன்னு இருந்தா 1750களுக்கு முன்னாடி வந்த பேப்பரே இல்ல, பேச்சு முடிஞ்சுது. கோமாளித் தொப்பி மாதிரி வாட்டர்மார்க் தெரிஞ்சா நல்லதுதான், ஆனா பழைய வெத்துப் பேப்பர்ல பின்னாடி வந்தவனும் வரையலாம் பாருங்க.

அப்புறம் லென்ஸ். அசல் சாக்னா பேப்பரோட மேட்டுல மட்டும் பொடி ஒட்டியிருக்கும், பள்ளம் வெள்ளையாவே நிக்கும். நான் ஒரு தடவை இதைப் பாக்காம ஒண்ணு வாங்கி ஏமாந்தேன், ட்ராயிங்கே இல்ல, அச்சடிச்சது! 18ஆம் நூற்றாண்டுல ஆம்ஸ்டர்டாம்ல கார்னெலிஸ் ப்ளூஸ் வான் ஆம்ஸ்டெல்னு ஒருத்தர் பழைய மாஸ்டர்ஸ் ட்ராயிங்கையெல்லாம் அப்படியே பிரின்ட் போட்டு வித்திருக்கார், கண்ணாடிக்குப் பின்னாடி இருந்தா சத்தியமா தெரியாது.

கை யாரோடதுங்கறதுதான் கஷ்டம். பீட்டர் மோலைன் கூட அதே காலத்துல இதே மாதிரி வரைஞ்சவர், அது போக காப்பி அடிச்சவங்க வேற. நீங்க ஹேக்லயே இருக்கறதால ஆர்.கே.டி.ங்கற நெதர்லாந்து கலை வரலாற்று நிறுவனத்துக்கு ஒரு நடை போங்க, டச்சு ஓவியங்களோட பெரிய போட்டோ ஆர்க்கைவ் அங்கதான் இருக்கு. ஹான்ஸ் உல்ரிச் பெக் போட்ட வான் கோயன் கேட்லாக்கும் பாருங்க. படகுல உக்காந்திருக்கற ஆளுங்களைக் கவனிங்க, வான் கோயன் ரெண்டு மூணு கிறுக்கல்ல ஆளை உக்கார வெச்சிடுவார், காப்பி அடிக்கறவன் பயந்து பயந்து அவுட்லைன் போடுவான். பின்பக்கம் குட்டி முத்திரை இருந்தா போட்டோ எடுங்க, பழைய கலெக்டர்ஸ் முத்திரையெல்லாம் ஃப்ரிட்ஸ் லுக்ட் 1921லயே தொகுத்து வெச்சிருக்கார், யார் கைல இருந்துச்சுன்னு அதுல பிடிக்கலாம்.

விலை விஷயம்: "அட்ரிபியூட்டட் டு"ன்னா அவரா இருக்கலாம்ங்கறது விக்கறவரோட அபிப்ராயம், அவ்வளவுதான், கேரன்டி கிடையாது. ஏலத்துல "ஃபாலோயர் ஆஃப்", "மேனர் ஆஃப்"னு இறங்க இறங்க ரேட்டும் இறங்கும், "மேனர்"னா பின்னாடி எவனோ அந்த ஸ்டைல்ல வரைஞ்சது. வாயால வான் கோயன், பில்லுல வேறன்னா நான் பில்லுக்குத்தான் காசு குடுப்பேன், ஃப்ரேம கழட்டவே மாட்டேன்னா அதுவும் இல்ல.