நன்கொடை கொடுத்தால் கணக்கு நேராகிவிடுமா?

கேள்வி: பெரிய நிறுவனங்கள் தங்கள் லாபத்தில் ஒரு பகுதியைக் கல்விக்கும் மருத்துவத்துக்கும் மரம் நடுவதற்கும் செலவிடுகின்றன. அப்படிச் செய்யும் நிறுவனங்களின் தவறுகளைப் பெரிதுபடுத்தக் கூடாது என்கிறார் என் நண்பர். லாபம் ஈட்டுவதுதான் வணிகத்தின் வேலை, அறத்தைக் கவனித்துக்கொள்ள அரசும் சட்டமும் இருக்கின்றன என்றும் வாதிடுகிறார். இதை ஏற்கலாமா? ஒரு நிறுவனம் பொறுப்புடன் நடக்கிறதா என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: ஏற்க முடியாது. உங்கள் நண்பர் இரண்டு தனித்தனி வாதங்களைச் சேர்த்துச் சொல்கிறார். தனித்தனியாகவே பார்ப்போம்.

ஒரு நிறுவனம் தான் சம்பாதித்த பணத்தில் எவ்வளவு கொடுத்தது என்று கேட்பதற்கு முன்னால், அந்தப் பணம் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். புதிய பள்ளிக் கட்டடத்தால் பயன் பெற்றவர்களும் ஆலைக் கழிவால் குடிநீரை இழந்தவர்களும் பெரும்பாலும் வெவ்வேறு மனிதர்கள். ஒருவருக்குச் செய்த நன்மையை இன்னொருவருக்கு இழைத்த தீங்கில் கழித்துக்கொள்ளும் உரிமை யாருக்கும் கிடையாது. இருவரும் ஒரே ஆளாக இருந்தாலோ, அது பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவதாகிவிடும்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சவாரில் 2013 ஏப்ரல் 24 அன்று நடந்ததை உங்கள் நண்பர் நினைத்துப் பார்க்க வேண்டும். ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடத்தில் முந்தைய நாளே விரிசல்கள் தெரிந்தன. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேல் தளங்களில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் இருந்தன. அவற்றின் தொழிலாளர்கள் மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரும்படி கட்டாயப்படுத்தப்பட்டார்கள். வராவிட்டால் சம்பளம் கிடைக்காது என்று சிலர் மிரட்டப்பட்டார்கள். காலையில் மின்சாரம் நின்றது, மேலே வைத்திருந்த ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின, சற்று நேரத்தில் கட்டடம் முழுவதும் சரிந்து 1,134 பேர் இறந்தார்கள். விரிசலைப் பார்த்த வங்கி தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்ப முடிந்ததென்றால், அதே விரிசலுக்கு மேலே தையல் இயந்திரங்களில் உட்கார வைக்கப்பட்டவர்களை ஏன் அனுப்ப முடியவில்லை? குறித்த தேதிக்குள் சரக்கு கப்பலேற வேண்டும் என்ற நெருக்கடியும், அந்தத் தேதியையும் விலையையும் எங்கோ தொலைவிலிருந்து தீர்மானித்த கொள்முதல் முறையும் அதற்குப் பெரிய காரணங்கள்.

அந்தத் தொழிற்சாலைகளிடம் துணி வாங்கிய மேலை நாட்டு நிறுவனங்கள் பலவற்றிடம் அச்சிட்ட நடத்தை விதிகள் இருந்தன. அங்கிருந்த ஆலைகளில் சில, தொழிலாளர்களின் பணி நிலைமைகளைப் பார்க்கும் சமூகத் தணிக்கைக்கும் உட்பட்டிருந்தன. ஆனால் அந்தத் தணிக்கை கட்டடத்தின் உறுதியைச் சோதிக்கும் தணிக்கை அல்ல. பொறுப்பு என்பது காகிதத்தில் இருந்தது, தூண் நிற்குமா என்று பார்க்கும் வேலை எவருடையதாகவும் இல்லை. விபத்துக்குப் பிறகு அதே ஆண்டு மே மாதத்தில் உருவான ஒப்பந்தம் இதை மாற்றியது. 200-க்கும் மேற்பட்ட ஆடை நிறுவனங்கள் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து கையெழுத்திட்ட அந்த ஒப்பந்தத்தின்படி, சுயேச்சையான பொறியாளர்கள் ஆலைகளைச் சோதித்தார்கள், அறிக்கைகள் பகிரங்கமாயின, வாக்குத் தவறிய நிறுவனத்தை நடுவர் மன்றத்துக்கு இழுக்கவும் வழி இருந்தது. தொழிலாளரின் உயிரைக் காக்கும் கடமை நிறுவனத்தின் நல்லெண்ணத்தை நம்பியிராமல், கேட்டு வாங்கக்கூடிய உரிமையாக மாறியது என்பதால்தான் அதை நான் எந்த நன்கொடையையும் விட மேலாக மதிக்கிறேன்.

சட்டங்களிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. இந்தியாவின் 2013 நிறுவனச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. வழக்கமான வணிக நடவடிக்கைகளை அதில் கணக்குக் காட்ட முடியாது. பிரான்ஸ் 2017-இல் இயற்றிய சட்டமோ, மிகப் பெரிய நிறுவனங்கள் தங்கள் துணை நிறுவனங்களிலும் சப்ளையர்களிடத்திலும் மனித உரிமைக்கும் சுற்றுச்சூழலுக்கும் எங்கே ஆபத்து இருக்கிறது என்று கண்டறிந்து, தடுக்கும் திட்டத்தை வெளியிட வேண்டும் என்கிறது. முன்னது லாபத்தைச் செலவிடுவதைப் பற்றியது, பின்னது லாபம் வரும் வழியைப் பற்றியது. முன்னதால் நல்ல பணிகள் நடக்கின்றன என்பதை மறுக்கவில்லை. அதை மட்டும் செய்துவிட்டு பொறுப்பு முடிந்தது என்று ஒரு நிறுவனம் சொல்லிக்கொள்வதைத்தான் மறுக்கிறேன்.

இனி, லாபமே வணிகத்தின் வேலை என்ற வாதம். பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் 1970-இல் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கருத்து இது. பங்குதாரர்களின் பணத்தை மேலாளர்கள் தங்கள் விருப்பம்போல் தானம் செய்யக் கூடாது என்று அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஆனால் அவரைத் துணைக்கு அழைப்பவர்கள் அவர் வைத்த நிபந்தனையை விட்டுவிடுகிறார்கள்: சட்டத்தில் உள்ள விதிகளுக்கு மட்டுமல்லாமல், சமூக வழக்கத்தில் உள்ள அறநெறிக்கும் உட்பட்டே லாபம் தேட வேண்டும், ஏமாற்று வேலையும் மோசடியும் கூடாது என்று அவரே எழுதியிருக்கிறார்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்பது, சட்டம் இயற்றுபவர்களுக்கு உண்மை தெரிந்திருந்தால் மட்டுமே செல்லும். அமெரிக்க சிகரெட் நிறுவனங்கள் 1954-இல் நூற்றுக்கணக்கான நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தன. புகைபிடித்தலுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு நிரூபிக்கப்படவில்லை என்றும், மக்களின் நலனே தங்களுக்கு எல்லாவற்றிலும் முதன்மையான பொறுப்பு என்றும் அதில் அறிவித்தன. அந்த நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாகப் பொதுமக்களை ஏமாற்றின என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2006-இல். இடையில் கடந்த அரை நூற்றாண்டில் இறந்தவர்களுக்குச் சட்டம் என்ன செய்தது? உண்மையை முதலில் அறிபவர்கள் நிறுவனத்துக்குள் இருப்பவர்கள்தான். அவர்கள் வாய் திறக்காத வரை சட்டத்துக்கு எதுவும் தெரியாது. அறத்தின் சுமை அவர்கள் மீது விழுவது அதனால்தான்.

எதை வைத்து முடிவு செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். விருதுகளையும் தரவரிசைகளையும் வைத்து வேண்டாம். கார் சோதனைக் கூடத்தில் ஓடுகிறதா, சாலையில் ஓடுகிறதா என்பதை ஸ்டீயரிங் திரும்புகிறதா என்பதிலிருந்தெல்லாம் கண்டுபிடித்து, சோதனையின்போது மட்டும் புகையைக் குறைக்கும் மென்பொருளை ஃபோக்ஸ்வாகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015 செப்டம்பரில் வெளிவந்தது. அதே மாதத்தில்தான், நிறுவனங்களின் சமூக, சுற்றுச்சூழல் பொறுப்பை மதிப்பிடும் டௌ ஜோன்ஸ் நிலைத்தன்மைக் குறியீடு, வாகனத் துறையில் அதற்கு முதலிடம் கொடுத்திருந்தது.

ஊழியர்களுக்கு வைக்கப்படும் இலக்குகளைப் பாருங்கள். வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கியது. எட்ட முடியாதவர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளைத் திறந்தார்கள். 2016-இல் விவகாரம் வெடித்தபோது 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் சுமார் 5,300 ஊழியர்களை வங்கி நீக்கியிருந்தது. வங்கிக்குள் நடந்த மோசடி குறித்துப் புகார் சொன்னதற்காக நீக்கப்பட்ட ஒரு மேலாளரை மீண்டும் சேர்த்துக்கொள்ளும்படி 2017-இல் அமெரிக்கத் தொழிலாளர் துறை உத்தரவிட வேண்டியிருந்தது.

ஆகவே நண்பர் அடுத்த முறை ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையைக் காட்டினால், மரம் நடும் படங்களைத் தாண்டிச் சென்று அவரிடம் இவற்றைக் கேளுங்கள். சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் போகிறது? ஒப்பந்தத் தொழிலாளர் விபத்தில் சிக்கினால் அது நிறுவனத்தின் விபத்துக் கணக்கில் ஏறுகிறதா? மேலதிகாரிகளின் போனஸ் எதைப் பொறுத்து அமைகிறது? சென்ற ஆண்டு உள்ளிருந்து புகார் சொன்னவர் இப்போதும் அதே வேலையில் இருக்கிறாரா?