கரண்ட் போனால் பிளானும் போகுமா? கேள்வி பதில்

கல்லடியில் இருபது வருடமாக வீட்டுப் பிளான் கீறிச் சாப்பிடுகிறவன் நான். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஓட்டோகேட் என்ற பிளான் கீறும் மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

செங்கலடி, படவரைஞர்: அண்ணன், நேற்றுப் பின்னேரம் மழையோடு கரண்ட் போய்விட்டது. கடைசியாகச் சேவ் பண்ணியது மத்தியானச் சாப்பாட்டுக்கு முன். இப்போது திறந்தால் கீழ்மாடி மட்டும்தான் இருக்கிறது. மேல்மாடியைக் காணவில்லை.

தம்பி, தற்காலிகப் பைல்கள் சேரும் டெம்ப் போல்டரைத் துப்புரவாக்கும் பழக்கம் இருந்தால் இன்றைக்கு அதை மட்டும் செய்துவிடாதீர்கள். உங்கள் மேல்மாடி பெரும்பாலும் அதற்குள்தான் கிடக்கிறது.

ஓட்டோகேட் பத்து நிமிடத்துக்கு ஒருதடவை தானாக ஒரு பிரதி எடுத்து வைக்கும். படத்தின் பெயர், பின்னால் சில இலக்கங்கள், வாலில், அதாவது புள்ளிக்குப் பின்னால், 'எஸ்வி' என்ற எழுத்தும் டாலர் குறியும் இருக்கும். கட்டளை வரியில் 'டிராயிங்ரிகவரி' என்று ஆங்கிலத்தில், இடைவெளி விடாமல் அடியுங்கள். வரும் பட்டியலில் மூலப் படம், பேக்கப், தானாகச் சேவ் ஆனது எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டால் அது எப்போது சேவ் ஆனது என்று காட்டும். கரண்ட் போன நேரத்துக்குக் கிட்டியதைத் திறந்து, புதுப் பெயரில் சேவ் பண்ணுங்கள்.

பட்டியலில் வராவிட்டால், ஒப்ஷன்ஸில் 'பைல்ஸ்' பக்கத்துக்குப் போய், ஓட்டோமெட்டிக் சேவுக்கு எந்த போல்டர் கொடுத்திருக்கிறது என்று பாருங்கள். அங்கே இருக்கும் பைலை டெஸ்க்டொப்புக்குக் கொப்பி பண்ணி, வாலை ஓட்டோகேட் படத்துக்கு உரிய 'டிடபிள்யூஜி' என்று மாற்றினால் திறக்கும். வாலே தெரியவில்லையா? விண்டோஸ் அதை மறைத்து வைத்திருக்கும். பைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ'வில் பைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸைக் காட்டச் சொல்லுங்கள்.

எனக்கும் ஒருதடவை மூன்று மணித்தியால வேலை இப்படிப் போனது. எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. எத்தனை நிமிடத்துக்கு ஒருதடவை தானாகச் சேவ் ஆகிறது என்று காட்டும் 'சேவ்டைம்' கட்டளையை அடித்துப் பார்த்தால் பூச்சியம். படம் இடைக்கிடை சிக்கி நிற்கிறது என்று யாரோ நிற்பாட்டி வைத்திருக்கிறார்கள். யாரோ என்ன, நானேதான். இப்போது ஐந்து நிமிடத்தில் வைத்திருக்கிறேன்.

காத்தான்குடி: சேர், படத்தை மூடும்போது சேவ் பண்ணவா என்று கேட்டது. அவசரத்தில் 'நோ'வை அமத்திவிட்டேன்.

கரண்ட் போனவரை விட உங்கள் பாடுதான் மோசம். ஒழுங்காக மூடினால் அந்தத் தானியங்கிப் பிரதியை ஓட்டோகேட்டே அழித்துவிடும். நீங்கள் 'நோ' சொன்னால் அது நம்பிவிடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், மெஷினில் வேறு ஒன்றும் செய்யாமல், அழிந்த பைலை மீட்கும் மென்பொருளைப் பென்ட்ரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். எஸ்எஸ்டி என்றால் அழிந்த இடத்தை அதுவே துடைத்துவிடும், நம்பிக் காத்திருக்காதீர்கள். சுவர் அளவெல்லாம் மனதில் இருக்கும்போதே கீறத் தொடங்குங்கள், முதல்தரம் எடுத்த நேரம் எடுக்காது.

ஒலுவில், பொறியியல் பீட மாணவி: பிரின்ட் எடுக்கும் கடையில் படத்தைப் பென்ட்ரைவிலேயே திறந்து திருத்தி, சேவ் ஆகும்போதே கழற்றிவிட்டோம். இப்போது செல்லாத பைல் என்று சொல்கிறது.

தங்கச்சி, முதலில் பென்ட்ரைவில் இருப்பது எல்லாவற்றையும் லெப்டொப்புக்குக் கொப்பி பண்ணுங்கள். இனி அந்தப் பென்ட்ரைவில் எதையும் எழுத வேண்டாம்.

கொப்பியில் அதே பெயரோடு 'பிஏகே' என்று முடியும் பைல் இருக்கிறதா? ஒவ்வொரு சேவிலும் அதற்கு முந்திய படம் அந்தப் பெயருக்கு மாறி நிற்கும். வாலை மாற்றித் திறந்தால், கடைசித் திருத்தம் மட்டும்தான் இருக்காது. ஆனால் பழுதான படம் எப்படியோ திறந்துவிட்டது என்று அதன் மேலேயே சேவ் பண்ணினால், நல்ல பேக்கப்பின் இடத்தில் பழுதானது போய் உட்கார்ந்துவிடும். நான் பார்த்த இழப்புகளில் பாதி இப்படி வந்தவைதான்.

பேக்கப் இல்லையென்றால், பழுதான பைலின் பிரதியொன்றை நோட்பேடில் திறந்து முதல் ஆறு எழுத்தைப் பாருங்கள். 'ஏசி1032', 'ஏசி1027' மாதிரி ஏதாவது இருந்தால் உயிர் இருக்கக்கூடும். நோட்பேடில் சேவ் பண்ணாமல் மூடிவிட்டு, ஓட்டோகேட்டில் 'ரிகவர்' கட்டளையால் திறந்து, பிழைகளைத் தேடித் திருத்தும் 'ஓடிட்' கட்டளையை ஓட்டுங்கள். முழுக்க வெறுமையாக இருந்தாலோ, பைலின் அளவு 0 என்று காட்டினாலோ அதற்குள் மீட்க ஒன்றும் இல்லை.

கல்முனை: நில அளவையாளர் தந்த படம் என் மெஷினில் திறக்கவே இல்லை. பழுதாகிவிட்டதா?

அநேகமாக இல்லை. நீங்கள் வைத்திருப்பது பழைய பதிப்பாக இருக்கும். 2018 வடிவத்தில் சேவ் ஆனதை அதற்கு முந்திய ஓட்டோகேட் திறக்காது. மேலே சொன்ன ஏசி1032 அந்த வடிவம்தான். 2013 வடிவத்தில், உங்களுடையது அதற்கும் முந்தியது என்றால் அதற்கேற்ற பழைய வடிவத்தில், சேவ் பண்ணித் தரச் சொல்லுங்கள், அல்லது இலவசமாகக் கிடைக்கும் டிடபிள்யூஜி ட்ரூவியூ என்ற மென்பொருளில் நீங்களே மாற்றுங்கள்.

களுவாஞ்சிகுடி: லெப்டொப் அடியோடு செத்துவிட்டது. பிரதேச சபைக்குக் கொடுத்த பிளானின் பிடிஎப் மட்டும் ஈமெயிலில் கிடக்கிறது.

கிடக்கிறதே, அது பெரிய விஷயம். ஓட்டோகேட் 2017 அல்லது அதற்குப் பிந்தியது இருந்தால் 'பிடிஎப்இம்போர்ட்' என்று அடியுங்கள். ஓட்டோகேட்டிலிருந்தே நேராக எடுத்த பிடிஎப் என்றால் கோடுகள் கோடாகவே வரும். ஸ்கேன் பண்ணியது என்றால் வெறும் படம்தான். அதைக் கீழே வைத்து மேலால் கீற வேண்டும். அளவு பிசகியிருந்தால் 'ஸ்கேல்' கட்டளையில் 'ரெபரன்ஸ்' எடுத்து, அளவு தெரிந்த சுவரொன்றின் இரண்டு முனையையும் தொட்டு, உண்மையான நீளத்தை அடியுங்கள். கதவைத் தொட்டு அளவு வைக்காதீர்கள். சின்ன நீளத்தில் ஒரு நூல் பிசகினால், வளவின் எல்லைக்குப் போகும்போது அது அங்குலக்கணக்காகிவிடும்.