வாசகர் கேள்வி – பதில்: ரஸ்கோல்னிகோவுக்கு எத்தனை புரொஜெக்டர் வேண்டும்?

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் கல்லூரி நாடகக் குழு தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை மேடையேற்றப் போகிறது. பின்னால் வீடியோ ஓடும். கதாநாயகன் ரஸ்கோல்னிகோவ் அந்த வட்டிக்கடைக் கிழவியைக் கொல்லலாமா வேண்டாமா என்று ஜனங்களே மொபைலில் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிற மாதிரி ஒரு யோசனை. எப்படி இருக்கும்?
– ஒரு மாணவி, பாளையங்கோட்டை

பதில்: வீடியோ சரி, ஓட்டு வேண்டாம் தாயி. ‘கொல்ல வேண்டாம்’ என்று ஜெயித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆறு பாகமும் ஒரு முடிவுரையும் உள்ள நாவலில் கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடுகிறது, மிச்சம் அத்தனையும் அதற்கு அப்புறம் அந்தப் பையன் படுகிற பாடுதான். கொலை இல்லையென்றால் அரைமணி நேரத்தில் எல்லாரும் டீ குடிக்கக் கிளம்ப வேண்டியதுதான். 1967-ல் மான்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியாக்காரர்கள் ‘கினோ ஆட்டோமாட்’ என்று ஒரு படம் காட்டினார்கள். நடுநடுவே படத்தை நிறுத்தி, அடுத்து என்ன நடக்கட்டும் என்று கேட்பார்கள், ஜனங்கள் நாற்காலியில் இருக்கிற பொத்தானை அமுக்குவார்கள். எதை அமுக்கினாலும் கதை சுற்றிச் சுற்றி ஒரே முடிவுக்குத்தான் வந்து சேரும். அது வேடிக்கைப் படம், அங்கே அந்தக் குறும்பு செல்லும். இங்கே செல்லாது.

அதற்குப் பதிலாக அந்தக் கதவுக் காட்சியை எடுத்துப் பாருங்கள். உள்ளே ரெண்டு பிணம், கோடாலியோடு இவன். வெளியே அடகு விஷயமாக வந்தவர்கள் கதவைப் பிடித்து உலுக்குகிறார்கள். கதவுக்கும் அவர்களுக்கும் நடுவே ஒரே ஒரு இரும்புக் கொக்கி, அது வளையத்துக்குள் துள்ளுவதை இவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நிற்கிறான். அந்தக் கொக்கியை மட்டும் திரை முழுக்கக் காட்டுங்கள். அரங்கத்தில் ஒரு மைக்கை வைத்து, அங்கே எழும் சத்தத்தின் அளவுக்குத் தகுந்தபடி கொக்கி ஆடுகிற மாதிரி செய்துவிடுங்கள் (டச்டிசைனர், இசடோரா மாதிரி மென்பொருளில் செய்துவிடக்கூடிய வேலைதான்). யாராவது இருமினால் கொக்கி துள்ளும், நாற்காலி கிறீச்சிட்டால் துள்ளும். கொஞ்ச நேரத்தில் ஜனங்களுக்கு விஷயம் புரிந்துபோகும், பக்கத்தில் இருக்கிறவரை ‘ஷ்ஷ்’ என்று அடக்குவார்கள். யாருக்காக? ஒரு கொலைகாரன் தப்பிப்பதற்காக! நாவலைப் படிக்கும்போது நமக்கு நடப்பதும் இதேதான், இவன் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நம்மையறியாமல் நெஞ்சு அடித்துக்கொள்ளும். எந்த ஓட்டும் இதைக் கொண்டு வராது.

மொத்த நாவலையும் மேடைக்குள் திணிக்காதீர்கள். தஸ்தயெவ்ஸ்கியிடமே ஒருவர் இதை நாடகமாக்க அனுமதி கேட்டபோது, 1872-ல் எழுதிய கடிதத்தில், தடுக்கவில்லை, ஆனால் நாவல் அப்படியே நாடகமாக மாறாது, ஒரே ஒரு சம்பவத்தை எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கதைப்போக்கையே மாற்றிக்கொள்ளலாம் என்கிற அர்த்தத்தில்தான் பதில் சொன்னார். ஆசிரியரே உத்தரவு கொடுத்துவிட்டார், அப்புறம் என்ன!

கேள்வி: திரைக்குப் பனி கொட்டுகிற ரஷ்யக் காட்சிகளை இணையத்தில் தேடி வைத்திருக்கிறோம். போதுமா?
– அதே குழுவிலிருந்து இன்னொருவர்

பதில்: அத்தனையையும் அழியுங்கள். கதை தொடங்குவது ஜூலை மாதத்தில், புழுக்கத்தில். புழுதி, சுண்ணாம்பு, செங்கல், சாராயக்கடை நாற்றம் என்றுதான் முதல் அத்தியாயமே வருகிறது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் வண்ணாரப்பேட்டை பக்கம் நடந்தவனுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டாம். ஏசி இல்லாத அரங்கம் கிடைத்தால் இன்னும் நல்லது. கொலை நடப்பதும் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல்தான், கதை நடக்கிற பீட்டர்ஸ்பர்க்கில் ஜூலையில் அந்நேரம் நல்ல வெளிச்சம் இருக்கும். ஆகவே மேடையை இருட்டாக்கி நீல விளக்கு போடுகிற வழக்கமான வேலையும் வேண்டாம். திரைக்கு ஏதாவது வேண்டுமென்றால் நடக்கிற காலைக் காட்டுங்கள். அவன் வீட்டு வாசலிலிருந்து கிழவி வீட்டுக்கு 730 காலடி, அவனே எண்ணி வைத்திருக்கிறான்.

கேள்வி: பாத்திரங்களை நெல்லைத் தமிழ் பேச வைக்கலாமா? ஊரையே டவுனுக்கு மாற்றிவிட்டால்?
– ஒரு வாசகர், கடையம்

பதில்: தாராளமாக. திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் வேலை பார்த்த சுந்தரம் பிள்ளை லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையை எடுத்துத்தான் 1891-ல் ‘மனோன்மணீயம்’ நாடகமாக்கினார். ஆனால் என் கட்சி, ஊரை பீட்டர்ஸ்பர்க்காகவே விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் மாற்றுவது. துப்பறிகிற போர்பிரி இருக்கிறாரே, சம்பந்தமில்லாததையெல்லாம் சிரித்துச் சிரித்துப் பேசியே ஆளை மடக்குகிறவர், அவர் வாயில் நம்ம பேச்சு அல்வா மாதிரி இறங்கும். பெயர் விஷயத்தில் கறாராக இருங்கள், ஒரு ஆளுக்கு ஒரு பெயர்தான். ரஸ்கோல்னிகோவையே ரோதியா, ரோதியோன் ரொமானோவிச் என்று மாற்றி மாற்றிக் கூப்பிட்டால், பின்வரிசையில் இருப்பவர் மூன்று பேர் என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொன்று, மூலத்துக்குக் காப்புரிமை கிடையாது, தஸ்தயெவ்ஸ்கி 1881-லேயே இறந்துவிட்டார். ஆனால் தமிழ் மொழிபெயர்ப்புக்கு உண்டு. எம்.ஏ. சுசீலாவின் மொழிபெயர்ப்பிலிருந்து வசனம் எடுப்பதாக இருந்தால் முறைப்படி அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: நான் கல்யாண வீடியோ எடுப்பவன். இந்தப் பிள்ளைகள் என் எல்இடி வாலையும் (பெரிய ஒளித்திரை) வயர்லெஸ் கேமராவையும் கேட்கிறார்கள். அது நாடகத்துக்குச் சரிப்படுமா?
– ஜங்ஷன் வாசகர்

பதில்: எல்இடி வால் வேண்டாம். மண்டபத்தில் அத்தனை விளக்குக்கு நடுவே எடுபட வேண்டும் என்று செய்த சாமான் அது, நாடக மேடையில் வைத்தால் முன்னால் நிற்கிற நடிகர் மூஞ்சி கருத்துப்போய் நிழலாகத்தான் தெரிவார். புரொஜெக்டர் போதும், ஆனால் மேடை விளக்கு திரைமேல் விழாமல் பக்கவாட்டிலிருந்து வர வேண்டும். கேமராவுக்கு ஒயர் போடுங்கள். மண்டபத்தில் தாலி கட்டுவது அரை நொடி தள்ளித் தெரிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, ஆனால் நடிகர் பேசி முடித்த பிறகு திரையில் உதடு அசைந்தால் அரங்கம் சிரித்துவிடும்.

நேரடிக் கேமராவும் தஸ்தயெவ்ஸ்கியும் புதுச் சேர்க்கை இல்லை. பெர்லினில் இயக்குநர் பிராங்க் காஸ்டார்ப் ‘அசடன்’ உட்பட அவருடைய பல நாவல்களை இப்படி மேடையேற்றியவர், நடிகர்கள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள், உள்ளே நடப்பது திரையில்தான் தெரியும். லண்டனில் 2008-ல் இயக்குநர் கேட்டி மிட்செல் அதே ‘அசடனை’ வைத்துச் செய்த நாடகத்தில், நடிகர்களே கேமராவும் பிடித்துப் படத்தை மேடையிலேயே உருவாக்கினார்கள். உங்களுக்குக் கேமரா கைவந்த கலை, நீங்களும் வேஷம் கட்டிக்கொண்டு மேடை ஏறிவிடுங்களேன்!

கேள்வி: நடுவில் கரண்ட் போனால்?
– வள்ளியூர் வாசகி

பதில்: லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, புரொஜெக்டருக்கு இல்லை. பல்பு போட்ட பழைய புரொஜெக்டர் ஒரு தடவை அணைந்தால் சூடு ஆறி மறுபடி எரியச் சில நிமிஷம் பிடிக்கும், அதனால் யுபிஎஸ் வாடகைக்கு எடுங்கள். வீடியோ இல்லாமலே முழு நாடகத்தையும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள். எந்தக் காட்சி திரையில்லாமல் இன்னும் நன்றாக இருக்கிறதோ, அங்கே திரையை எடுத்துவிடலாம், வாடகையும் மிச்சம்.