மூன்று வாரக் குஞ்சு இன்னும் கைப்பிடிக்குள் அடங்குகிறதா?

அண்ணே, பட்டர்வொர்த் வீட்டில் பொரித்த கம்பத்துக் கோழி (நாட்டுக்கோழி) குஞ்சுகளில் ஒன்று மட்டும் மூன்று வாரமாகியும் மற்றதில் பாதிதான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முதலில் பின்பக்கத்தைப் பாருங்கள். எச்சம் காய்ந்து அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள், பிய்த்தால் தோல் கிழிந்துவிடும். அப்புறம், படுக்கும் நேரத்தில் கழுத்தடியில் தீனிப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். எனக்கு இப்படித்தான் தெரிந்தது: மற்றவற்றின் பை தீனி நிறைந்து உருண்டையாக இருக்க, என் சின்னதின் பை தட்டையாகக் கிடந்தது, பாவம், தட்டுப் பக்கமே விடாமல் கொத்தி விரட்டியிருக்கின்றன. கம்பித் தடுப்பு போட்டு, கூட்டம் கண்ணில் படும்படி தனித் தீனி வையுங்கள், குஞ்சுத் தீவனம்தான், வெறும் சோறு போதாது. மழை இரவில் சூட்டுக்குப் பல்பு அவசியம். எச்சத்தில் ரத்தம் தெரிந்தால் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.