பேப்பர் பெட்டியும் காடும் – கடிதம்

அன்புள்ள சார்,

நான் கோவை வடவள்ளியில் இருக்கிறேன். வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஆப்பில்தான் சாப்பாடு வருகிறது. முன்பு பிளாஸ்டிக் டப்பாவில் வரும், இப்போது பெரும்பாலும் அட்டைப்பெட்டி. கல்லூரியில் படிக்கும் மகள் "பேப்பர்தானே, மக்கிவிடும்" என்கிறாள். என் கணவரோ "ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மரம் போகிறது, இதற்குப் பிளாஸ்டிக்கே தேவலை" என்கிறார். வீட்டில் தினமும் இதே பட்டிமன்றம். யார் சொல்வது சரி? இன்னொன்று, எங்கள் அடுக்ககத்தில் பொங்கல் விழாவுக்கு இருநூறு பேருக்குச் சாப்பாடு. பேப்பர் தட்டு வாங்குவதாகப் பேச்சு. வேறு வழி உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒரு பெட்டிக்கு ஒரு மரமெல்லாம் போகாது, உங்கள் கணவர் அடித்துவிடுகிறார். ஆனால் மகள் சொல்வதும் பாதிதான். ஒரு வேலை செய்யச் சொல்லுங்கள். டீக்கடை பேப்பர் கப் ஒன்றை ஓரிரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு எடுத்துப் பிசைந்து பார்க்கட்டும். வெளிப்பக்கம் கூழாகி விரலோடு வந்துவிடும், உள்ளே கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய தோல் ஒன்று தனியாக உரியும். அது பாலிஎத்திலீன் என்ற பிளாஸ்டிக். அது இல்லாவிட்டால் டீ கையில் ஒழுகிவிடும். சூடான நூறு மில்லி பானம் அந்தக் கப்பில் கால் மணி நேரம் இருந்தால் சுமார் 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன என்று கரக்பூர் ஐஐடிக்காரர்கள் 2020-ல் கண்டார்கள். கூழையும் தோலையும் பிரித்தெடுக்கத் தனி ஆலை வேண்டும், அதனால் பழைய பேப்பர் கடைக்காரர் அதைத் தொடமாட்டார். எண்ணெய் ஊறிய பிரியாணிப் பெட்டிக்கும் அதே கதிதான்.

பலருக்குத் தெரியாத ஒன்று, பிளாஸ்டிக் பூச்சுள்ள அந்தக் கப் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள். 2019 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கும் தடைப் பட்டியலில் அதுவும் உண்டு. கப் தயாரிப்பாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள், 2023 அக்டோபரில் தடை செல்லும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்த பிறகும் எந்தத் தெருமுனை டீக்கடையில் வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், அதே கப் அடுக்கடுக்காக இருக்கும்.

சரி, காட்டுக்கு வருவோம். பேப்பருக்காகக் காடு அழிந்தது நம் பக்கத்திலேயே நடந்ததுதான். 1950களின் இறுதியில் கர்நாடகத்துத் தாண்டேலி காகித ஆலைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மூங்கிலை டன் ஒன்றரை ரூபாய்க்கு அள்ளிக் கொடுத்தார்கள். கூடை முடைகிறவர் சந்தையில் கொடுத்த விலையோடு பார்த்தால் அது இனாம். மலிவாகக் கிடைப்பதை யார் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பார்கள்? மூங்கில் தீரத் தீர ஆலை அடுத்த காட்டைத் தேடிப்போனது. தொழிற்சாலைகள் தங்கள் மூலப்பொருளை விவசாயிகளிடமிருந்து பெற வேண்டும், இயற்கைக் காட்டிலிருந்து அல்ல என்று 1988 தேசிய வனக் கொள்கைதான் சொன்னது. இன்று நம் ஆலைகளுக்குப் பெருமளவு சவுக்கும் தைல மரமும் பட்டா நிலத்திலிருந்துதான் வருகின்றன. கரூர் காகிதபுரத்தில் டிஎன்பிஎல் ஆலை கரும்புச் சக்கையில் காகிதம் செய்வதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆக, உங்கள் வீட்டுப் பெட்டிக்காக வால்பாறையில் மரம் விழுகிறது என்று சொல்ல முடியாது.

ஆனால் வேறு எங்கேயாவது விழலாம். காகிதக் கூழும் அட்டையும் கப்பலில் வரும் சரக்கு. 2012-ல் கேஎஃப்சி கோழிக்கடைகளின் பெட்டிகளைக் கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பி, அதில் வெப்பமண்டலக் காட்டு மரங்களின் நார் இருக்கிறது என்று அறிக்கை வெளியிட்டது. அவர்கள் கைநீட்டியது இந்தோனேசியாவின் ஏஷியா பல்ப் அண்ட் பேப்பர் நிறுவனத்தை நோக்கி, அதாவது சுமத்ராவின் மழைக்காடு, புலிகள் வாழும் இடம். கோழி தின்றவன் கையில் இருந்த பெட்டி எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்த நிறுவனம் இயற்கைக் காட்டை வெட்டுவதை நிறுத்துவதாக அறிவித்தது. வேறு பல நிறுவனங்களும் அதனிடம் வாங்குவதை நிறுத்தியிருந்தார்கள், பல ஆண்டு நெருக்கடி அது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், நெருக்கியது பெரிய வாடிக்கையாளர்களை. காடு வெட்டுகிறவன் நம் பேச்சைக் கேட்கமாட்டான், அவனிடம் லட்சக்கணக்கில் அட்டை வாங்குகிற கடைக்காரனுக்குத் தன் பெயர் கெடும் என்ற பயம் இருக்கிறது.

காட்டுக்கு இரண்டாவது அடி, சாப்பிட்டு முடித்த பிறகு விழுகிறது. வடவள்ளிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மருதமலை அடிவாரத்தில் சோமையம்பாளையம் ஊராட்சிக் குப்பைமேட்டுக்கு யானைகள் வந்து மேய்வது பல வருடக் கதை. சாணத்தில் மசாலா பாக்கெட்டும் பால் கவரும் கிடந்த படங்கள் வந்துகொண்டே இருந்தன. 2025 மே மாதம் அந்தப் பக்கம் ஒரு பெண் யானை இறந்தது. உடற்கூறாய்வில் வயிற்றில் கருவும் இருந்தது, பிளாஸ்டிக்கும் இருந்தது. யானைக்குப் பிளாஸ்டிக் ருசியா என்ன? அதில் ஒட்டியிருக்கும் உப்பும் எண்ணெயும்தான் இழுக்கின்றன. சாம்பார் பொட்டலத்தை நூலோடு சேர்த்து முழுங்குகிறது. நாளைக்கே எல்லாம் அட்டைப்பெட்டியாக மாறினாலும் அந்த வாசனை அப்படியேதான் இருக்கும், யானையும் வரும். அட்டை குடலை அடைப்பது குறையலாம். குப்பைமேட்டுக்கு வந்து பழகிய யானை பக்கத்து வீட்டுச் சமையலறைக்கும் வரும், அப்புறம் ஆளும் சாவான், யானையும் சாகும்.

அதனால் உங்கள் வீட்டுப் பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் பரிசு கிடையாது. 1990-ல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் பர்கருக்கான பிளாஸ்டிக் நுரைப்பெட்டியைக் கைவிட்டுக் காகிதச் சுற்றுக்கு மாறியபோது பெரிய வெற்றி என்று கொண்டாடினார்கள். குப்பையின் பருமன் குறைந்தது உண்மை. ஆனால் ஒருமுறை தொட்டுவிட்டுத் தூக்கிப்போடும் பழக்கம் அப்படியே இருந்தது, அங்கிருந்து உலகம் முழுக்கப் போனது. எதைத் தூக்கிப்போடுகிறோம் என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம், கடைக்காரருக்கு அதில் கஷ்டமே இல்லை. "பேப்பர் பெட்டி சார், இயற்கைக்கு நல்லது" என்று பத்து ரூபாய் கூட்டியும் வாங்கிக்கொள்வார். அவருக்கு வலிக்கிற இடம், திரும்ப வாங்கிக் கழுவி வைப்பது. அங்கேதான் கைவைக்க வேண்டும்.

பிரான்ஸ் அங்கே கைவைத்தது. 2023 ஜனவரி முதல் இருபது இருக்கைக்கு மேல் உள்ள உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவருக்குக் கழுவிப் பயன்படுத்தும் பாத்திரத்தில்தான் தர வேண்டும். அதே மெக்டொனால்ட்ஸ் அங்கே வறுவலுக்குச் சிவப்பு நிறத்தில் கழுவக்கூடிய கிண்ணம் கொண்டுவந்தது. ஜெர்மனியில் டூபிங்கன் என்ற ஊர் 2022-ல் ஒரு பெட்டிக்கு, ஒரு கப்புக்கு ஐம்பது சென்ட், அதாவது அரை யூரோ, வரி போட்டது. ஒரு மெக்டொனால்ட்ஸ் கிளைக்காரர் வழக்குப் போட்டார், 2025 ஜனவரியில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் வரி செல்லும் என்றது. நமக்கோ இதில் புதுமையே இல்லை, எவர்சில்வர் தட்டில் இட்லி வாங்கித் தின்று வளர்ந்தவர்கள்தானே. மால்களில் இருக்கும் சங்கிலிக் கடைகளில் மட்டும் மேசையில் உட்கார்ந்து தின்பவனுக்கும் பெட்டி, கப், மூடி, தட்டின்மேல் விரிக்க ஒரு விளம்பரத் தாள். நான்கடி தூரத்துக்கு எதற்குப் பார்சல்?

"வெளிநாட்டில் நடக்கும், நம்மாட்கள் திருப்பித் தருவார்களா?" என்று கேட்பீர்கள். தருவார்கள், தந்துகொண்டிருக்கிறார்கள். காட்டில் வீசிய மதுபாட்டில் உடைந்து விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்ல, 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரத் தொடங்கினார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் திரும்பி வந்தது. குடிப்பவர் வீசியதையும் யாரோ பொறுக்கிக் கொண்டுவந்து காசாக்கினார்கள். கடை ஊழியர்கள் இடமில்லை, வேலைச்சுமை என்று எதிர்த்தார்கள், அதிலும் நியாயம் உண்டு, அந்த வேலைக்குத் தனி ஆள் போடாதது நிர்வாகத்தின் கஞ்சத்தனம். போதையில் இருக்கிறவரே பாட்டிலைத் திருப்பித் தருகிறார் என்றால், பிரியாணி தின்ற நாம் ஒரு எவர்சில்வர் டப்பாவைத் தரமாட்டோமா? ஆப்காரர்கள் நினைத்தால் முடியும். கேட்டால்தான் ஸ்பூன் என்று சொமேட்டோ 2021-ல் மாற்றியது, யாரும் பட்டினி கிடக்கவில்லை.

உங்கள் அளவில் என்றால், தெரு தாண்டி இருக்கும் கடைக்குத் தூக்குவாளியோடு போங்கள். முதல் தடவை கடைப்பையன் ஒரு மாதிரி பார்ப்பான், மூன்றாம் தடவை அவனே குழம்பைக் கூட ஒரு கரண்டி ஊற்றுவான்.

பொங்கல் விழாவுக்குப் பேப்பர் தட்டு வேண்டாம். உட்கார இடமிருந்தால் வாழை இலை, கோவையில் அதற்கா பஞ்சம்? பந்தி முடிந்ததும் இலையை மாட்டுக்குக் கொண்டுபோக ஆள் இருக்கிறார்களா என்று இப்போதே விசாரியுங்கள், கூடவே டிஷ்யூவையும் தண்ணீர் பாட்டிலையும் இலையில் சுருட்டிப் போடவேண்டாம் என்று மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். நின்றுகொண்டு சாப்பிடுவது என்றால் வாடகைப் பாத்திரக் கடையில் தட்டும் டம்ளரும் இருநூற்றைம்பதாக எடுங்கள், கொஞ்சம் தொலையும். கழுவ வருகிற அம்மாக்களுக்குக் கூலியைச் சமையல்காரர் கணக்கில் சேர்க்காமல் நீங்களே நேரில் பேசிக் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் "கழுவ ஆளில்லை" என்று அவரே ஒரு கட்டு பேப்பர் தட்டோடு வந்து நிற்பார்.